நாடாளுமன்றக் குழுக்களின் பணியும் செலவும்: தென்னாப்பிரிக்கத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடாளுமன்றக் குழு ஒன்று டர்பன் பக்கம் வந்து போனால், அடுத்த வாரமே கோயில் மண்டபத்திலும் சங்கக் கூட்டத்திலும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். இத்தனை பேர் கேப்டவுனிலிருந்து விமானத்தில் வந்து, தங்கி, திரும்பிப் போன செலவை யார் ஏற்றார்கள்? வந்து போனதால் நமக்கு என்ன ஆயிற்று? வரி கட்டுகிற எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களுக்குப் போய் வந்தும், எங்கள் சங்கத்தின் சார்பில் மனு எழுதிக் கொடுத்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே விடைகளாக எழுதியிருக்கிறேன்.

நாடாளுமன்றக் குழு என்பது என்ன? எத்தனை வகை?

நம் நாடாளுமன்றம் இரண்டு அவைகளைக் கொண்டது. தேசியப் பேரவையில் 400 உறுப்பினர்கள். மாகாணங்களின் தேசிய மன்றத்தில் (சுருக்கமாக மாகாண மன்றம்) மாகாணத்துக்குப் பத்துப் பேராக 90 பேர். நானூறு பேர் ஓர் அவையில் கூடி ஒவ்வொரு துறையின் கணக்கையும் வரிவரியாகப் பார்க்க முடியாது. அதனால் அந்த வேலை குழுக்களிடம் பிரித்துத் தரப்படுகிறது. தேசியப் பேரவையில் ஒவ்வோர் அமைச்சகத்தையும் கண்காணிக்கத் துறைக்குழு உண்டு. மாகாண மன்றத்தில் அதே வேலையைத் தெரிவுக்குழுக்கள் செய்கின்றன. அங்கே ஆள் குறைவு என்பதால் ஒரே குழு பல துறைகளைச் சேர்த்துப் பார்க்கும். நிதி, ஒதுக்கீடு, பொதுக் கணக்கு ஆகியவற்றுக்கு நிலைக்குழுக்கள் இருக்கின்றன. செய்திகளில் 'ஸ்கோப்பா' என்று அடிபடுவது பொதுக் கணக்கு நிலைக்குழுதான்.

இவை தவிர, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக அமைக்கப்பட்டு, அது முடிந்ததும் கலைந்துவிடும் தற்காலிகக் குழுக்களும் உண்டு. 2022 ஏப்ரலில் நம் க்வாசுலு-நடால் மாகாணத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகு, நிவாரணப் பணிகளைக் கண்காணிக்க இரண்டு அவைகளும் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு அப்படிப்பட்டது.

கூட்டத்தொடர் என்பது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை?

பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆற்றும் நாட்டு நிலை உரையோடு ஆண்டுக் கூட்டத்தொடர் தொடங்கி, ஆண்டின் இறுதியில் முடிகிறது. பணக் கணக்கோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டுக்கு எழுதப்படுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள், ஓர் ஆண்டின் பணிப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதை வேறோர் ஆண்டின் செலவோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியில் நடந்த கள ஆய்வின் செலவு முந்தைய ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் கணக்கில்தான் இருக்கும்.

தேர்தல் ஆண்டு இன்னும் சிக்கலானது. 2024 மே 29 அன்று தேர்தல் நடந்தது. ஜூன் 14 அன்று புதிய பேரவை கூடியது. நடுவில் பழைய குழுக்கள் மறைந்து புதியவை உருவாயின. நிலுவையில் இருந்த மசோதாக்கள் காலாவதியாகி, புதிய அவை தீர்மானித்த பிறகே மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஆண்டில் ஒரு குழு எட்டுக் கூட்டம்தான் நடத்தியது என்று யாராவது குறை சொன்னால், எத்தனை மாதங்கள் அந்தக் குழு உயிரோடு இருந்தது என்று முதலில் கேளுங்கள். ஐந்தாண்டு முடிந்து விலகும் குழுக்கள் தங்களுக்குப் பின் வருபவர்களுக்காக ஒரு மரபுரிமை அறிக்கையை எழுதி வைக்கின்றன. எதை முடித்தோம், எதை முடிக்காமல் விட்டோம் என்று குழுவே தன் வாயால் சொல்லும் ஆவணம் அது. அதைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

குழுவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

தேசிய வரவு செலவுத் திட்டத்தில் நாடாளுமன்றத்துக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது; அதன் எண் 2. முதல் எண் குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்கு உரியது. குழுக்களின் செலவு இந்த இரண்டாம் எண்ணுக்குள் அடங்குகிறது. எந்தக் குழுவுக்கும் சொந்தமாக வங்கிக் கணக்குக் கிடையாது. குழுத் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போடுவதும் இல்லை. களத்துக்குப் போக வேண்டும் என்று குழு முடிவு செய்தால், காரணத்தையும் செலவு மதிப்பீட்டையும் எழுதி அவையில் அதற்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி பெற வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை, நாடாளுமன்றம் மற்றும் மாகாணச் சட்டமன்றங்களின் நிதி மேலாண்மைக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம். பேரவைத் தலைவரும் மாகாண மன்றத்தின் தலைவரும் இணைந்து பொறுப்பேற்கிறார்கள். நாடாளுமன்றச் செயலாளர் கணக்குக்குப் பொறுப்பான அதிகாரி. தலைமைத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறார். நாடாளுமன்றம் தன் பணத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு கூட்டு நிலைக்குழுவும் இருக்கிறது.

உறுப்பினர்களின் சம்பளமும் அந்தக் கணக்கில் சேருமா?

சேராது. சம்பளம் தேசிய வருவாய் நிதியிலிருந்து நேரடியாக வழங்கப்படுகிறது. அதற்கான தனி ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்ற பிறகு குடியரசுத் தலைவர் தொகையைத் தீர்மானிக்கிறார். குழுத் தலைவருக்குச் சாதாரண உறுப்பினரைவிடக் கூடுதல் சம்பளம் உண்டு. தொகுதி அலுவலகங்களுக்கான உதவித்தொகை கட்சிகளுக்குப் போகிறது. அதையும் குழுவின் தலையில் கட்டக் கூடாது.

ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது?

இதற்கு விடை சொல்ல, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வடகடற்கரையில் ஒரு நகர மண்டபம், சனிக்கிழமை காலை. வாசலில் இரண்டு மேசைகள் போட்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிக் கையெழுத்திட்டவருக்கு மொழிபெயர்ப்புக் கேட்க காதில் மாட்டும் ஒரு கருவி கொடுத்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம் கண்ணாடி அடைத்த சிறு கூண்டுக்குள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், ஒருவர் களைத்தால் மற்றவர் தொடர்வதற்காக. கரும்புத் தோட்டப் பகுதிகளிலிருந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு மூன்று பேருந்துகள் வந்து நின்றன. மண்டப வாடகை, ஒலிபெருக்கி, ஒலிப்பதிவு, பாதுகாப்புக் காவலர், முதலுதவி வண்டி, மதியம் ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலமும் ஆப்பிளும். அதற்கும் முன்னால், கூட்டம் நடப்பதை மக்களுக்குத் தெரிவிக்க நாளிதழ், வானொலி விளம்பரம்; நம் வீடுகளில் லோட்டஸ் எஃப்எம்மில் கேட்கிறோமே, அதுவும் இந்தச் செலவில் ஒரு பகுதிதான்.

பேச ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். கடைசி வரிசையிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆயா எழுந்தார். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கி வரை கூட்டி வந்தாள். தாம் முன்பு குடியிருந்த இடத்தை அடையாளம் சொல்லவே அவருக்கு இரண்டு நிமிடம் போயிற்று: எந்த ஓடை, எந்தக் கோயிலுக்கு மேற்கே, வாசலில் எத்தனை மாமரம். குழுத் தலைவர் மணி அடிக்கவில்லை. ஓரத்தில் அமர்ந்திருந்த செயலக அலுவலர் அவ்வளவையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்த ஆயா கேப்டவுனுக்குப் போய் இதைச் சொல்லியிருக்க முடியாது. அன்றைய செலவுப் பட்டியலில் உள்ள பேருந்தும் கூண்டும் விளம்பரமும் அந்த மூன்று நிமிடத்துக்காகச் செலவானவை. என் கணக்கில் அது வீண் செலவில் வராது.

காணொளியிலேயே எல்லாவற்றையும் நடத்திவிட்டால் மிச்சம் ஆகாதா?

ஓரளவுக்கு ஆகும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் குழுக்கள் காணொளிக்கு மாறின. பிறகும் பல கூட்டங்கள் அவ்வாறே தொடர்கின்றன. 2022 ஜனவரி 2 அன்று பற்றிய தீயில் தேசியப் பேரவைக் கூடமே எரிந்துபோனதும் இதற்கு ஒரு காரணமாயிற்று. ஓர் அமைச்சகம் தன் காலாண்டு அறிக்கையை விளக்குவதற்கு அதிகாரிகள் பத்துப் பேர் பிரிட்டோரியாவிலிருந்து பறந்து வரத் தேவையில்லை. இந்த வகைச் செலவு குறைந்தது நல்லதே.

கள ஆய்வு வேறு வகை. 2022 வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அந்த ஊர் மக்கள் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். மூடி தொலைந்த பெயின்ட் வாளிகள், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, இரண்டு லிட்டர் பானப் புட்டிகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வரிசையில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் அது காலியாகவே இருக்கும். இதை ஒரு திரையில் 'தற்காலிக நீர் விநியோகம் நடைபெறுகிறது' என்று ஒரே வரியில் காட்டிவிடலாம். காட்டுகிறவர் பொய் சொல்லவும் மாட்டார். நேரில் வந்து அந்த வாளியைப் பார்த்தவர் கேட்கும் கேள்வியும், திரையில் அந்த வரியைப் படித்தவர் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்காது. அதே வெள்ள நிவாரணப் பணத்தைத் தலைமைத் தணிக்கையாளர் செலவு நடக்கும்போதே தணிக்கை செய்து தனி அறிக்கை தந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். களத்தில் பார்த்ததையும் தணிக்கையாளர் எழுதியதையும் ஒன்றாக வைத்துக் கேட்கும்போதுதான் குழுவின் கேள்வி கூர்மையாகிறது.

கூட்டமே நடத்தாமல் விட்டால் செலவே இல்லையே?

இந்த எண்ணத்துக்கு அரசமைப்பு நீதிமன்றம் பல முறை விடை சொல்லியிருக்கிறது; அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். இது நம்மவர்களைத் தொட்ட விஷயம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு தேசியப் பேரவைக்கும், 72-ஆம் பிரிவு மாகாண மன்றத்துக்கும், 118-ஆம் பிரிவு மாகாணச் சட்டமன்றங்களுக்கும் ஒரே கடமையை விதிக்கின்றன: சட்டம் இயற்றும் பணியில் பொதுமக்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும். 2006 ஆகஸ்டில், 'டாக்டர்ஸ் ஃபார் லைஃப்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், மாகாண மன்றத்தின் கட்டத்தில் பொதுமக்களைக் கேட்கவில்லை என்ற காரணத்துக்காக இரண்டு சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஒன்று கருக்கலைப்பு பற்றிய திருத்தச் சட்டம். மற்றது மரபு மருத்துவர்கள் பற்றியது. குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு 18 மாதம் தரப்பட்டது. அதே மாதத்தில், மட்டாட்டியேல் பகுதியை நம் மாகாணத்திலிருந்து ஈஸ்டர்ன் கேப்புக்கு மாற்றிய அரசமைப்புத் திருத்தமும் அந்த அளவில் விழுந்தது. காரணம், க்வாசுலு-நடால் சட்டமன்றம் அங்குள்ள மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை. ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வழக்கு அது.

மூன்றாவது, 2016 ஜூலை 28 அன்று வந்த தீர்ப்பு. அதன் பின்னணி நம் குடும்பங்களின் கதை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டப் பயிர் செய்து வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் அகற்றப்பட்டு, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவரப்பட்டன. வீடுகள் போயின, கோயில்கள் சில அங்கேயே நின்றன. 1994-ஆம் ஆண்டின் நில உரிமை மீட்புச் சட்டம் இழந்த நிலத்துக்கு உரிமை கோர வழி செய்தது; கோரிக்கை தரக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. தவறவிட்டவர்கள் ஏராளம். பத்திரம் இல்லை, பெரியவர்கள் இறந்துவிட்டார்கள், அறிவிப்பு எட்டவில்லை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. 2014-இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் இயற்றி, ஐந்தாண்டுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. நம்மில் பலர் பெட்டியிலிருந்த பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றது அப்போதுதான்.

அந்தத் திருத்தச் சட்டத்தைத்தான் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டத்தின் நோக்கம் தவறு என்று அது சொல்லவில்லை. தேர்தலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மாகாண மன்றம் போட்ட கால அட்டவணையில் மாகாணங்கள் உருப்படியாகக் கருத்துக் கேட்க நேரமே இல்லை என்பதுதான் குறை. மாகாண மன்றத்தின் கட்டம் முழுவதும் ஒரு மாதத்துக்குள் முடிக்கப்பட்டது. மக்களுக்குத் தரப்பட்ட முன்னறிவிப்பும் மிகக் குறுகியது. விளைவாக, 2014 ஜூலை முதல் தீர்ப்பு நாள் வரை தரப்பட்ட புதிய கோரிக்கைகள் செல்லும், ஆனால் பழைய கோரிக்கைகள் முடியும்வரை அல்லது நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றும்வரை அவற்றை எடுக்கக் கூடாது என்று ஆயிற்று. புதிய சட்டத்துக்குத் தரப்பட்ட 24 மாதமும் கடந்துபோயிற்று.

ஒழுங்கான கருத்துக் கேட்புக்கு ஆகியிருக்கும் செலவையும், அது நடக்காததால் ஏற்பட்ட இழப்பையும் எடை போட்டுப் பாருங்கள். வழக்குச் செலவு, மறுபடி சட்டம் எழுதும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருந்தே காலமான முதியவர்கள். இந்தக் கடைசி இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

டர்பனில் நடக்கும் கூட்டத்தை நடத்துவது தேசிய நாடாளுமன்றமா, மாகாணச் சட்டமன்றமா?

இரண்டுமாக இருக்கலாம். மாகாணங்களைப் பாதிக்கும் மசோதாவாக இருந்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள 80 உறுப்பினர் சட்டமன்றத்தின் குழு மக்களைக் கேட்டுவிட்டு, மாகாண மன்றத்தில் நம் மாகாணத்தின் ஒரே வாக்கை எப்படி அளிப்பது என்று ஆணை தருகிறது. ஒன்பது மாகாணங்களுக்கு ஒன்பது வாக்கு. அந்தக் கூட்டத்தின் செலவு மாகாணச் சட்டமன்றத்தின் கணக்கில் இருக்கும். கேப்டவுன் ஆவணங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. அழைப்பிதழின் மேலே யாருடைய முத்திரை இருக்கிறது என்று பாருங்கள், போதும்.

குழு என்ன செய்தது என்பதை எங்கே பார்க்கலாம்?

குழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தக்க காரணமின்றிக் கதவை மூட முடியாது. 1984 முதல் 1994 வரை இயங்கிய மூன்று அவை நாடாளுமன்றத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், 'அப்போதும் நம் பெயரில் ஓர் அவை இருந்தது, என்ன கண்டோம்' என்று கேட்பார்கள். இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட பிரதிநிதிகள் அவையில் 45 பேர் இருந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே போகவில்லை. அன்றைய குழுக்கள் மூடிய கதவுக்குப் பின்னே கூடின. இன்று நீங்கள் உள்ளே போய் உட்காரலாம், அல்லது வீட்டிலிருந்தே யூடியூபில் பார்க்கலாம். அந்தப் பெரியவர்களிடம் நான் காட்டும் வேறுபாடு இதுதான்.

குழுவின் அறிக்கைகள் நாடாளுமன்றம் வெளியிடும் அறிவிப்பு ஏட்டில் அச்சாகின்றன. 1995-இல் தொடங்கப்பட்ட நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற தன்னார்வ அமைப்பு, கூட்டங்களில் பேசியவற்றையும் உறுப்பினர் வருகையையும் பதிவு செய்து வருகிறது. ஒரு துறைக்குழுவின் ஓராண்டு உழைப்பை ஒரே ஆவணத்தில் பார்க்க விரும்பினால், அக்டோபர் வாக்கில் வரும் வரவு செலவு மீளாய்வு மற்றும் பரிந்துரை அறிக்கையைத் தேடுங்கள். துறை தனக்குத் தரப்பட்ட பணத்தைக் கொண்டு என்ன செய்தது என்று குழு மதிப்பிட்டு எழுத வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு நிதி மசோதாச் சட்டத்தின் கட்டாயம்.

செலவுக் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும்?

மொத்தத் தொகையில் தொடங்காதீர்கள். பெரிய தொகை தவறு என்றும் சிறிய தொகை சிக்கனம் என்றும் நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. நான் முதலில் பார்ப்பது, குழு எங்கே போனது என்பது. அடுத்து, போய் வந்த நாளுக்கும் அறிக்கை வெளியான நாளுக்கும் இடையே எத்தனை மாதம். களத்தில் கண்டதை ஆறு மாதம் கழித்து எழுதினால், அதற்குள் அமைச்சகம் 'நிலைமை மாறிவிட்டது' என்று சொல்லிவிடும். பயணச் செலவு முழுவதும் அந்தத் தாமதத்தில் கரைந்துபோகும். பிறகு, வருகைப் பதிவு. பதினொரு பேர் குழுவில் நான்கு பேர் வந்து, முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கை இல்லாமல் கலைந்த கூட்டத்துக்கும் மண்டபமும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடாகியே இருந்திருப்பார்கள்.

வெளிநாட்டுக் கல்விப் பயணங்களை மட்டும் நான் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறேன். அங்கே கற்றது எந்த மசோதாவின் எந்தப் பிரிவில் வந்து சேர்ந்தது என்று அறிக்கை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பயணத்துக்கு நியாயம் இல்லை.

செலவழிக்காமல் திருப்பித் தந்த பணத்தைப் பாராட்டுவதற்கு முன்பும் நிதானியுங்கள். கள ஆய்வுக்கு ஒதுக்கிய தொகை மீந்தது என்றால், போகவேண்டிய ஊருக்குக் குழு போகவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

குழு பரிந்துரைத்தால் அமைச்சர் செய்தே ஆக வேண்டுமா?

பரிந்துரை அமைச்சரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் 56-ஆம் பிரிவின்கீழ் எவரையும் அழைத்துச் சாட்சியம் கேட்கவும், அறிக்கை தரச் சொல்லவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்வியை அதே அமைச்சரிடம் கேட்கும் குழுவுக்குப் பலன் கிடைக்கிறது. ஒரு முறை கேட்டுவிட்டு மறந்துபோகும் குழுவுக்குக் கிடைப்பதில்லை.

குழுவின் அறிக்கைக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை 2025-இல் நாடே பார்த்தது. மதிப்புக்கூட்டு வரியை அரை விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தும் திட்டத்தை உள்ளடக்கிய நிதிக் கட்டமைப்பு பற்றிய நிதிக்குழுக்களின் அறிக்கையை, தேசியப் பேரவை ஏப்ரல் 2 அன்று 194-க்கு 182 என்ற வாக்கில் ஏற்றது. அறிக்கை ஏற்கப்பட்ட முறை சரியில்லை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று நிதியமைச்சர் உயர்வைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மே 1 முதல் வரவிருந்த உயர்வு வரவில்லை. பலசரக்குக் கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் ஒரு குழு அறிக்கைக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

முறைகேடு நடந்தால்?

நடந்திருக்கிறது. உறுப்பினர்களுக்குரிய பயணச் சலுகைச் சீட்டுகளில் செய்யப்பட்ட மோசடியில், 2005, 2006 ஆண்டுகளில் பல உறுப்பினர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். தனி உறுப்பினரின் நடத்தை பற்றிய புகாரை ஒழுக்கநெறிக் கூட்டுக்குழுவுக்கு எழுதலாம்.

தமிழில் மனு தரலாமா? தமிழில் பேசலாமா?

அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகியவற்றோடு, மேம்படுத்தி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக அது எழுதப்பட்டுள்ளது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் இறங்கியவர்களின் மொழி, இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். என்றாலும் அது ஆட்சிமொழி ஆகாது. குழுக்களின் மொழிபெயர்ப்பு ஏற்பாடு ஆட்சிமொழிகளை ஒட்டியே அமைகிறது. ஆகவே எழுத்து மனுவை ஆங்கிலத்திலோ சுலுவிலோ கொடுங்கள். தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு வாரம் முன்னதாகவே குழுச் செயலாளருக்கு எழுதி, நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க அனுமதி கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டு வைத்தால் அன்றைய தினம் ஒலிவாங்கி முன் தடுமாற வேண்டியிராது.

ஒரு குறிப்பிட்ட பயணத்தின் செலவு விவரம் வேண்டும் என்றால்?

2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாடாளுமன்றச் செயலகத்துக்கு எழுதலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். ஒரு தனி உறுப்பினருக்கு அந்தப் பொறுப்பில் இந்தச் சட்டம் பொருந்தாது. எனவே உறுப்பினரிடம் கேட்காமல் செயலகத்திடம் கேளுங்கள். 'குழுவின் எல்லாச் செலவும் வேண்டும்' என்று எழுதினால் காலம்தான் கடக்கும். குழுவின் பெயர், பயணம் தொடங்கிய நாள், முடிந்த நாள், போன ஊர்கள் ஆகியவற்றை எழுதி, விமானம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, மண்டபம், மொழிபெயர்ப்பு, விளம்பரம் என்று இனம் பிரித்துக் கேளுங்கள். அதே கடிதத்தில் அந்தப் பயணத்தின் அறிக்கை எந்த நாளில் அவையில் வைக்கப்பட்டது என்றும் ஒரு வரி கேட்டுவிடுங்கள். அனுப்பிய நாளைக் குறித்து ஒரு நகலைச் சங்கத்தின் கோப்பில் வைத்துக்கொண்டால், முப்பதாம் நாள் நினைவூட்டல் எழுத வசதியாக இருக்கும்.